ஒரு பெட்டி, கோயில் சாமான்

1

போன வாரம் சேசுராஜ் சார் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். விருத்தாசலத்தில் எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கோயில் பங்குப் பேரவைக்குச் செயலாளராக இருக்கிறார். செய்தி இதுதான்:

"அன்புள்ள அமலோற்பவம், வரும் திருவிழாவோடு நம் மாதா ஆப்பிரிக்கா சென்று ஓராண்டு நிறைகிறது. விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பவும். தலைப்பு நாங்களே வைத்துவிட்டோம்: கறுப்பு மண்ணில் நம் ஊர் அன்னை. மாதா சுரூபத்தைச் சுற்றி ஆப்பிரிக்கக் குழந்தைகள் கைகூப்பி நிற்பது போல் ஒரு படம் அவசியம் தேவை. அட்டையில் போடுகிறோம்."

நான் அப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கம்பாலாவில் வாழைக்காய்தான் சோறு. இலையில் கட்டி அவித்து மசித்துச் சாப்பிடுவார்கள். படித்து முடித்ததும் கத்தியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்குக் காது சூடாகும். எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான். கறுப்பு மண்ணாம். நம் ஊர் அன்னையாம். கைகூப்புகிற குழந்தைகளாம்.

சார், நீங்கள் இரண்டு பக்கம் கேட்டீர்கள். நான் எழுதப் போவது எத்தனை பக்கம் வரும் என்று எனக்கே தெரியாது. வெட்டாமல் போடுவதானால் போடுங்கள். வெட்டித்தான் போடுவேன் என்றால் மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

2

மலரைப் படிக்கிறவர்களில் என்னைத் தெரியாதவர்கள் இருப்பார்கள். நான் செராமிக் கம்பெனியில் களிமண்ணை அச்சில் ஊற்றும் வேலை பார்த்த மரியசூசையின் மகள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக உகாண்டாவில் இருக்கிறேன். வீட்டுக்காரர் இங்கே ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளைக்குப் பொறுப்பு. ஒரே மகன் ரோஷன், பதினேழு வயது. தமிழில் திட்டினால் அவனுக்குப் புரியும். தமிழில் எழுதினால் புரியாது.

நான் கன்னியாஸ்திரி இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் "சிஸ்டர், எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று தலையை நீட்டுகிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன். பொதுநிலை மறைபரப்பாளர் என்று எங்களுக்குப் பெயர். குடும்பம் குட்டி எல்லாம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை மூன்று வாரம், சாமியார் போய்ச் சேர முடியாத இடங்களுக்குப் போவோம். மறைக்கல்வி சொல்லிக்கொடுப்போம், ஜெபமாலை சொல்வோம், செத்தவர்களுக்காக அவர்களோடு உட்கார்ந்து அழுதுவிட்டு வருவோம். எனக்கு விழுந்த இடம் தெற்கு சூடான்.

அந்த நாட்டின் அரசியலை நான் எழுதப் போவதில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சண்டைக்குப் பயந்து ஓடுகிறார்கள், ஓடிய இடத்தில் வெள்ளம் வருகிறது, வெள்ளத்துக்குப் பயந்து மறுபடி ஓடுகிறார்கள். அப்படி ஓடி வந்தவர்கள் ஆற்றங்கரையில் ஒரு மேட்டில் முகாம் போட்டிருக்கிறார்கள். அங்கே எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒருத்தி கிடைத்தாள். பெயர் அச்சோல். முகாமின் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கோயிலில் உபதேசியார், கணவனைச் சண்டையில் இழந்தவள். அவளுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் அச்சில் ஏறுகிற தரம் இல்லை. அதனால் அவள் பேசியதை நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

நான் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தால் அச்சோல் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவாள். "மீதி எங்கடி?" என்று கேட்டால், "மீதி இவங்களுக்குத் தெரியும்க்கா" என்பாள். முதல் வருஷம் இதனால் எனக்கு ரோஷமாகத்தான் இருந்தது. கடவுள் உங்களை மறக்கவில்லை என்பதை நான் எத்தனை விதமாகச் சொன்னாலும் அவள் ஒரே விதமாகத்தான் சொன்னாள்.

இரண்டாம் வருஷம் அவள் என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அழைத்துப் போனாள். மழைக்காலம் வந்தால் முகாமைச் சுற்றிலும் தண்ணீர். கக்கூஸ் கிடையாது, வெளிக்கு ஒதுங்க மிஞ்சுகிற காய்ந்த இடம் ஒரு கரை மட்டும்தான். அந்தக் கரையில் துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெரிய பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள்? பள்ளிக்கூடத்தை விட்டுப் போனார்கள். போனவர்களைக் கட்டிக்கொடுத்தார்கள். அச்சோலுக்கு ஒரே மகள், நியாந்தெங், பதினான்கு வயது. வகுப்பில் முதல் மாணவி. கொக்கு மாதிரி நீளமான கால், வாய் ஓயாத பேச்சு. அவளையும் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று அச்சோலின் கொழுந்தன் மஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். கணவன் இல்லாத வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம்.

"உங்க ஊர்ல என்னக்கா செய்வாங்க?" என்று அச்சோல் கேட்டாள்.

"எங்க ஊர்லதான்டி கக்கூஸ் கோப்பையே செய்வாங்க. எங்கண்ணன் கையால ஊத்துது" என்றேன்.

அன்று சாயங்காலப் பிரசங்கத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அடுத்த மழைக்கு முன்னால் எங்கள் ஊரிலிருந்து ஆறு கக்கூஸ் கோப்பை கொண்டு வருகிறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மற்றதையெல்லாம் சுருக்குகிற அச்சோல் இதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். மூன்று தடவை சொன்னாள். மஜோக் எழுந்து நின்றான். கோப்பை வந்து கதவும் போட்டால் நியாந்தெங் படிப்பு முடிகிறவரை கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டேன், மழை வரை பொறுத்திருக்கிறேன் என்று பெரியவர்கள் முன்னால் வாக்குக் கொடுத்தான்.

3

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. திருவிழா மலரில் யாரும் எழுதாததைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் தெருவில் பாதி ஆண்பிள்ளைகள் செராமிக் வேலை. அப்பா ஊற்றிய கோப்பைகள் லாரி லாரியாக வெளியூர் போகும். மெட்ராஸில் எந்தப் பங்களாவிலோ, பம்பாயில் எந்த ஓட்டலிலோ யாரோ நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. எங்கள் தெருவிலேயே கிடையாது. அம்மாவும் நானும் விடிவதற்குள் மணிமுத்தாற்றுப் பக்கம் போய்விட்டு வர வேண்டும். விடிந்துவிட்டால் பொழுது சாய்கிறவரை அடக்கிக்கொள்ள வேண்டும். யாராவது சைக்கிளில் வந்தால் எழுந்து நிற்போம். அவன் போனதும் உட்காருவோம். அப்படி எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்திருப்போம் என்று எங்கள் தெருப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். ஆகையால் தண்ணீரே குடிக்கமாட்டோம். சார், எட்டாம் வகுப்பில் உங்கள் கணக்குப் பீரியடில் நான் மயங்கி விழுந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "காலையில சாப்பிடலியாம்மா?" என்று கேட்டீர்கள். உங்கள் டீயை எனக்குக் குடிக்கக் கொடுத்தீர்கள். நல்ல மனசு உங்களுக்கு, அதை நான் மறக்கவில்லை. ஆனால் நான் பசியில் விழவில்லை சார். வெயில் காலத்தில் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் விழுந்தேன். அதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அதனால் அந்த முகாமில் அச்சோல் என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அழைத்துப் போனபோது அவள் ஒன்றுமே விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்ததுதான் இனி வருவது.

4

ஊருக்கு வந்து பூசை முடிந்து கோயில் வாசலில் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போனபோது கதை மாறியிருந்தது. "அவ்வளவு தூரம் வெறும் கக்கூஸ் கோப்பை போனா நம்ம ஊருக்கு என்னா மரியாதை? மாதாவும் போவட்டும்" என்று பேரவையில் முடிவாகிவிட்டது. யாரும் கேட்காத ஒரு சுரூபம், இரண்டடி உயரம், நீல முக்காடு, செராமிக்கில் செய்வதாக ஏற்பாடு.

செய்தது யார்? என் அண்ணன் அருள்தாஸ்தான். கோப்பையையும் அவன்தான் ஊற்றினான். தண்ணீர் குறைவான இடம் என்று சொன்னதால் சரிவு அதிகமான கோப்பையாக அச்சு எடுத்தான். "ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தினா போதும் அமலு, சர்ர்ருன்னு போயிடும்" என்று ஊற்றிக் காட்டினான். அவனுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

பெட்டி அடிக்கிற அன்று சேசுராஜ் சாரும் வந்திருந்தார். வைக்கோலைப் பரப்பிவிட்டு அண்ணன் சொன்னான்: "ஒரே பெரிய பொட்டியா அடிச்சிடலாம். கோப்பையச் சுத்தியும் அடுக்கி, நடுவுல மாதாவ நிறுத்திட்டா கப்பலே குலுங்கினாலும் ஆடாது. கோப்பதான் மாதாவுக்கு அணை."

சார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "என்னாய்யா பேசற நீ? மாதாவச் சுத்திக் கக்கூஸ் கோப்பையா? வாய் கூசல உனக்கு?"

"சார், ஒரே தொட்டிக் களிமண்ணுதான் சார். மாதா அச்சுல ஊத்திட்டு மீந்தததான் கோப்பை அச்சுல ஊத்தினேன். ஒரே சூளையிலதான் வெந்துச்சி. அங்க ஒண்ணும் சண்ட போட்டுக்கல."

"அது கம்பெனிக்குள்ள. சாமியார் மந்திரிச்ச சுரூபம்யா இது. நாளைக்கு அங்க பொட்டியத் தொறக்கறவன் என்னா நெனப்பான் நம்மள?"

"நல்லா அடுக்கியிருக்கானுவோன்னு நெனப்பான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அண்ணன் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு அமலு. எடுத்துக்கினு போறவ நீ."

இதுவரை படித்துவிட்டு, பாவம், எல்லாவற்றுக்கும் சேசுராஜ் சார்தான் காரணம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். "ரெண்டு பொட்டியாவே அடிச்சிடுண்ணே, எதுக்கு வம்பு" என்று சொன்னது நான். சாருக்காகச் சொல்லவில்லை. அந்த நீல முக்காட்டுக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்துப் பார்க்க எனக்கே என்னவோபோல் இருந்தது. மணிமுத்தாற்றங்கரையில் முப்பது வருஷத்துக்கு முன்னால் எழுந்து எழுந்து உட்கார்ந்தவளுக்கு என்னவோபோல் இருந்தது. அண்ணன் ரம்பத்தை எடுத்தான். பலகையை இரண்டாக அறுத்தான்.

சுரூபத்தைப் பேண்டு வாத்தியத்தோடு சின்னத் தேரில் வைத்து லாரி வரைக்கும் ஊர்வலமாகக் கொண்டுபோனீர்கள். வெடி வெடித்தீர்கள். கோப்பைப் பெட்டி பின்னால் மினி லாரியில், தார்ப்பாய் போட்டு மூடிப் போனது.

5

இதற்கிடையில் கம்பாலாவில் எங்கள் மறைபரப்பு அலுவலகத்தில் எல்லைக்குக் கடிதம் தயாராகியிருந்தது. நான் முதலில் சொன்னபடி அதில் எழுதியிருந்தது: ஒரு பெட்டி, கோயில் சாமான், வரி விலக்கு. மூன்று முத்திரை, இரண்டு கையெழுத்து. இரண்டு பெட்டி என்று மாற்றித் தாருங்கள் என்றேன். மாற்றலாம், ஆனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து எல்லா மேசைக்கும் போய்வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். ஒரு மாதத்தில் மழை வந்துவிடும். பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். அச்சோல் எல்லைக்கே வந்து என்னோடு சேர்ந்துகொண்டாள்.

அந்தப் பத்து நாள் பயணத்தில் ஏழு இடங்களில் பிரசங்கம் செய்தேன். மரத்தடியில், தகரக் கொட்டகையில், ஒரு இடத்தில் எரிந்துபோன லாரியின் நிழலில். சும்மா சொல்லக்கூடாது, சுரூபத்துக்கு நல்ல வரவேற்பு. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். திறந்ததும் முகம் மாறும். ஒருவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி மாதா காலை முத்தமிட்டான். அவன் கண் கலங்கியது. என் கண்ணும்தான் கலங்கியது. இரண்டாவது பெட்டியைத் திறந்து காட்டுவேன், சிரிப்பார்கள், போகவிடுவார்கள். நான் அந்தச் சிரிப்பில் கூனிக் குறுகுவேன். அச்சோல் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஆறு கோப்பையையும் எண்ணிப் பார்த்து மூடுவாள்.

கடைசியில் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்து முகாமுக்கு ஆற்றில் நாலு மணி நேரம். துறையில் ஒரு அதிகாரி, வயசானவர், மரியாதையான மனுஷர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதில் ஒரு பெட்டி என்றுதானே இருக்கிறது?"

"ஆமாம் ஐயா. இன்னொன்று பள்ளிக்கூடத்துக்கு."

"அது வியாபாரச் சாமான் கணக்கில் வரும். தலைநகர் ஜூபாவில் தனிக் கடிதம் வாங்க வேண்டும். படகும் இன்று நிறைய ஏற்றியிருக்கிறது." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "எந்தப் பெட்டி என்று கடிதத்தில் இல்லை அம்மா. கோயில் சாமான் எது என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிற பெட்டியை ஏற்றிவிடுகிறேன்."

சார், அந்த மனுஷர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறந்து சொன்னால் போதும்.

அச்சோல் என் கையைப் பிடித்தாள். "அக்கா, கோப்பப் பொட்டியச் சொல்லுக்கா. மாதா இங்கயே கொஞ்ச நாள் இருக்கட்டும். அவங்க ஒண்ணும் கோச்சிக்கமாட்டாங்க. மழ வந்தா கோப்ப வராதுக்கா."

"கோயில் சாமான்னு கக்கூஸ் கோப்பையக் காட்டறதாடி? பொய்யில்லையா அது?"

"யாருக்குக்கா பொய்யி?"

நான் சுரூபப் பெட்டியைக் காட்டினேன். காரணம் பொய்க்குப் பயந்தது இல்லை. ஊர்வலமும் வெடியும் கண்முன் வந்தன. படம் எங்கே என்று சார் கேட்பார் என்று தோன்றியது. ஆறு கோப்பையோடு போய் இறங்கினால் நான் என்ன மறைபரப்பாளர், சாமான் ஏற்றிப்போகிறவள்தானே என்றும் தோன்றியது. அச்சோல் கையை விட்டுவிட்டாள். கோப்பைப் பெட்டியைத் துறைக் கொட்டகையில் காவல்காரர் பொறுப்பில் வைத்தோம். பெட்டி போய்விடுமோ என்று அவள் படகிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

6

முகாமில் தப்பட்டை அடித்துக் குதித்துப் பாடி வரவேற்றார்கள். சுரூபத்தை நாலு பேர் தலைக்கு மேல் தூக்கிப் போனார்கள். நியாந்தெங் ஓடிவந்து என் பையை வாங்கிக்கொண்டாள். "வாங்க வாங்க, வந்து பாருங்க" என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

செங்கல் வைத்து மேடை கட்டியிருந்தார்கள். வெள்ளம் ஏறாத உயரம். ஆறு அறை. எண்ணெய் டின்னைத் தட்டி விரித்துக் கதவு செய்திருந்தார்கள். உள்ளே சிமெண்ட்டுத் தரையில் அண்ணன் அனுப்பிய அளவுக்குச் சரியாக ஒரு ஓட்டை விட்டு, ஓணான் விழாமல் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு கதவாகத் திறந்து சாக்கைத் தூக்கிக் காட்டினாள். ஆறு கதவையும் திறந்து காட்டி முடித்துவிட்டு என் பின்னால் யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

நான் கடிதம், அதிகாரி, ஜூபா என்று என்னென்னவோ சொன்னேன். பத்து நிமிஷம் சொன்னேன். அச்சோல் மகளிடம் ஒரே வரியில் சொன்னாள். அந்தப் பெண் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் மாதாவின் வருகையைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். நன்றாகப் பேசினேன் என்றே நினைக்கிறேன். நீங்கள் கேட்கிற படமும் அப்போது எடுத்ததுதான்: சுரூபம், சுற்றிலும் குழந்தைகள், எல்லோரும் கைகூப்பி. என் போனில் இருக்கிறது. நியாந்தெங் அதில் இல்லை. கூப்பிட்டும் வரவில்லை.

ஒரு வாரத்தில் கடிதம் வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஜூபாவுக்கு ஓடினேன். ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. படகு நின்றது. நின்றது நின்றதுதான், நாலு மாதம்.

மஜோக்கைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் விடைபெற்றபோது அவன் என் எதிரில் வந்து நின்று அமைதியாகச் சொன்னான். அச்சோல்தான் அதையும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "மழ வரைக்கும் பொறுத்திருக்கேன்னு சொன்னேன். பொறுத்திருப்பேன்." அவன் சொன்னபடியே பொறுத்திருந்தான். சொன்ன வாக்கை அந்த இடத்தில் காப்பாற்றியது அவன் ஒருத்தன்தான்.

7

வெள்ளம் வடிந்த பிறகு பெட்டியைத் தேடிப் போனவர்கள் கொட்டகைக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள். காவல்காரர் பெட்டியைப் பிரித்து, கோப்பையில் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்திருந்தார். இரண்டு உடைந்துபோயிருந்தது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவராவது அதை ஒரு உபயோகத்துக்கு வைத்திருந்தார்.

போன மாதம் அச்சோல் குரல் செய்தி அனுப்பினாள். "அக்கா, நாலு கோப்பையும் வெச்சாச்சு. ரெண்டு சொம்பு தண்ணியில நல்லாப் போவுது, உங்கண்ணன்கிட்ட சொல்லு. பெரிய பொண்ணுங்க பதினோரு பேரு திரும்பி வந்துட்டாங்க. நியாந்தெங் வரமாட்டாக்கா. மொத மழையிலயே கட்டிக்குடுத்துட்டாங்க. மூணு நாள் நடக்கணும் அவ இருக்கற எடத்துக்கு. போவும்போது நோட்டெல்லாம் எடுத்துக்கினு போனா." அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உங்கள் செய்தி வந்த அன்று கத்தியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன் என்றேனே, ரோஷன் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டான். முழுக் கதையையும் முதல் தடவையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"ஒரே பெட்டியில வெச்சிருந்தா அந்த ஒரு லெட்டரே போதும், இல்லம்மா?"

"போதும்."

"எடம் இல்லியா?"

"இருந்துச்சி."

"அப்புறம் ஏன்?"

தீட்டு என்பதை அவனுக்கு இங்கிலீஷில் சொல்ல முயன்றேன். மூன்று தடவை ஆரம்பித்தேன். கடைசியில், "கக்கூஸ் சாமான்டா, அசிங்கம் இல்லையா" என்றேன்.

அவன் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டான்: "ஆனா அது புதுசுதானேம்மா?"

இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பையன் நம் ஊரை மறந்துபோகிறானே, நம் வழக்கம் ஒன்றும் ஒட்டவில்லையே என்று நான் அழாத நாள் கிடையாது. பிறந்து பதினேழு வருஷம்தான் ஆகிறது, இருந்தாலும் அவன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அழ ஆரம்பித்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அன்று முதல் தடவையாக, ஒட்டாமல் போனதில் ஒன்றாவது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். வாழைக்காயை அவனே உரித்தான்.

8

சேசுராஜ் சார், இனி எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

படம் இத்தோடு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கேட்ட படம் இல்லை. அச்சோல் எடுத்தது: நாலு கதவும் திறந்திருக்கிறது, நாலு கோப்பையும் தெரிகிறது. அண்ணன் ஊற்றியது, நம் ஊர்ச் சூளையில் வெந்தது. அட்டையில் அதைப் போடுங்கள். போட முடியாது என்றால் அட்டையை வெறுமையாக விடுங்கள்.

தலைப்பை மாற்றுங்கள். அவர்கள் மண்ணின் நிறத்தைச் சொல்ல நாம் யார்? கோப்பை வைக்காத அறை இன்னும் இரண்டு இருக்கிறது. அண்ணனிடம் சொல்லி ஆறு கோப்பையாகவே ஊற்றச் சொல்லியிருக்கிறேன், உடைந்தால் மாற்ற வேண்டும் அல்லவா. உங்களுக்கு இன்னொரு சுரூபமும் அனுப்ப ஆசை என்றால் தாராளமாக அனுப்புங்கள், அங்கே மாதாவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரே பெட்டி. கோப்பையைச் சுற்றி அடுக்கி மாதாவை நடுவில் நிறுத்தி, அந்த ஒரே பெட்டியைத் தேரில் ஏற்றி, அதே பேண்டு வாத்தியத்தோடு லாரி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். அதற்குச் சம்மதம் இல்லையென்றால் கோப்பை மட்டும் வரட்டும்.

கடைசியாக ஒன்று. திருவிழாப் பூசைக்கு வேண்டுதல் கருத்து எழுதிக்கொள்கிற நோட்டு உங்களிடம்தான் இருக்கும். பரீட்சைக்கு, விசாவுக்கு, செத்துப்போனவர்களுக்கு என்று எல்லோரும் எழுதுவார்கள். என் பேரில் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். பெயர்: நியாந்தெங். வயது: கட்டிக்கொடுத்தபோது பதினான்கு. சாமியார் சத்தமாக வாசிக்கட்டும், வாயில் நுழையவில்லை என்றால் இரண்டு தடவை வாசிக்கட்டும். என்ன கருத்துக்காக என்று பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில், அமலோற்பவம் அவளுக்குச் செய்த பாவத்துக்காக என்று எழுதுங்கள்.

என் பெயருக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்கள் சார். உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளத் தோன்றினால் அங்கே எழுதிக்கொள்ளலாம்.